கடற்கரைச் சாலையில் வளர்ந்த ஜீவசாஸ்திரம்

சென்னையில் கூவம் கடலோடு கலக்கும் இடத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், சர்வகலாசாலையின் செனெட் மண்டபமும், சேப்பாக்கம் அரண்மனையும், அதற்கடுத்துப் பிரஸிடென்ஸி கல்லூரியும், இன்னும் சற்றுத் தள்ளி ராணி மேரி கல்லூரியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தென்னிந்தியாவில் ஜீவசாஸ்திரம் ஒரு கல்லூரிப் படிப்பாக உருவெடுத்ததும், அந்தப் படிப்பைக் கற்றவர்கள் நெல்வயலுக்கும் மீன்பிடி துறைமுகத்துக்கும் தூரதேசத்துத் தோட்டங்களுக்கும் பரவிச் சென்றதும் பெரும்பாலும் இந்த ஒரு வீதியிலிருந்துதான்.

தாவரவியல் படித்தால் என்ன கிடைக்கும், விலங்கியல் படித்தால் எந்த உத்தியோகத்துக்குப் போகலாம் என்று ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறக்கும் காலத்தில் பெற்றோர்கள் கவலையோடு விசாரிக்கிறார்கள். வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கு மிஞ்சிய படிப்பு இது என்ற எண்ணம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடையை வேலைவாய்ப்புப் பட்டியல்களில் தேடுவதைவிட இந்த வீதியின் சரித்திரத்தில் தேடுவது மேல் என்பது என் எண்ணம். ஏனெனில், எந்த ஆசிரியர் ஊர்க்குட்டையையும் உவர்க்கழியையும் மலைச்சரிவையும் வகுப்புக்குள் கொண்டுவந்தாரோ, அவரிடம் படித்தவர்களுக்கே வாழ்க்கையில் புதிய வழிகள் திறந்தன என்பது அந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்கத் தெளிவாகிறது.

சர்வகலாசாலை ஏற்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் வேறு தொழில்களுக்கு இடையே அதைச் செய்தவர்கள். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸின் மாணாக்கரான யோஹான் கெர்ஹார்ட் கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தது மிஷனுக்கு வைத்தியராகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியரான ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட கிரந்தத்தில் 2101 சித்திரங்கள் அடங்கியிருக்கின்றன. அவருக்குச் சித்திரம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு தென்னாட்டு ஓவியர்கள். செடியின் மகரந்தப் பையையும் சூலகத்தையும் பகுத்து, அளவு பிசகாமல் தீட்டிய அந்த இருவருக்கும் கலாசாலைப் பட்டம் எதுவும் இல்லை. தம்முடைய ஓவியரின் உழைப்பைப் பாராட்டி, ஓர் ஆர்க்கிட் குலத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். சென்னை வைத்தியக் கல்லூரியில் 1852இல் தாவரசாஸ்திரப் பேராசிரியராக நியமனம் பெற்ற ஹ்யூ க்ளெக்ஹார்ன், பின்பு காடுகளைக் காக்கும் அதிகாரியாகி, இந்நாட்டு வன இலாகாவுக்கு அஸ்திவாரமிட்டவர்களில் ஒருவரானார். அக்காலத்தில் தாவரசாஸ்திரம் மருந்துச் சரக்குகளை அறிவதற்காக வைத்திய மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஓர் உபபாடமே அன்றித் தனக்கெனப் பட்டம் உடைய வித்தையாக இல்லை.

1857இல் சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்ட பின்னும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் அமைந்த அந்த ஸ்தாபனம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கியதே தவிர, தானே பாடம் கற்பிக்கவில்லை. கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பாயிருந்தது. அதிலும் பல வருஷகாலம் பௌதிகம் படித்தவனுக்கும் செடிகளைப் படித்தவனுக்கும் கிடைத்த பட்டம் பி.ஏ. என்பதே. ஸர் சி. வி. ராமன் பிரஸிடென்ஸி கல்லூரியில் 1904இல் பௌதிகத்தில் பெற்ற பட்டமும் பி.ஏ.தான். புத்தகத்தில் உள்ளதை மனனம் செய்து எழுதினால் தேறிவிடலாம் என்ற அந்த ஏற்பாட்டில், உயிருள்ள ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் சுலபமாக உண்டாகவில்லை.

அந்த நிர்ப்பந்தம் எங்கே பிறந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1871ஆம் வருஷம் லண்டன் ஸௌத் கென்ஸிங்டனில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடைகால வகுப்பைத் தொடங்கினார். காலையில் ஒரு பிரசங்கம். அது முடிந்தவுடனே அதே பொருளை மாணவர்கள் மைக்ராஸ்கோப்பின் கீழும் கத்தியின் முனையிலும் தாமே கண்டறிய வேண்டும். நூற்றுக்கணக்கான ஜந்துக்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக, ஈஸ்ட், அமீபா, பூஞ்சணம், பெரணி, அவரைச் செடி, ஹைட்ரா, சிப்பி, நண்டினத்தைச் சேர்ந்த ஒரு பிராணி, தவளை என்று சில மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிர் வரையில் படிப்படியாக ஏறிச் செல்வது அவருடைய முறை. செடியும் பிராணியும் ஒரே சாஸ்திரத்தின் இரு பகுதிகள் என்ற கொள்கையை அந்த வகுப்பு நிலைநாட்டியது. வகுப்பில் அவருக்கு உதவியாக நின்று செய்முறை காட்டியவர்களில் ஒருவர் ரே லாங்கெஸ்டர். பிற்காலத்தில் லண்டன் யுனிவர்ஸிடி கல்லூரியில் பிராணிசாஸ்திரப் பேராசிரியரான அந்த லாங்கெஸ்டரிடம் கற்றவர் ஆல்ஃப்ரெட் கிப்ஸ் போர்ன். அந்தப் போர்ன்தான் 1886இல், இருபத்தேழு வயது வாலிபராக, சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரிக்கு ஜீவசாஸ்திரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

இவ்விதம் ஹக்ஸ்லியின் செய்முறை வகுப்பு பதினைந்தே வருஷங்களில் ஒரு குருபரம்பரையின் வழியாகச் சேப்பாக்கத்தை அடைந்தது. வந்த இடத்தில் போர்ன் இங்கிலாந்திலிருந்து பாடம் செய்து அனுப்பிய ஜந்துக்களைக் காட்டித் திருப்தியடையவில்லை. இந்நாட்டு மண்புழுக்களை ஆராய்ந்தார். நீலகிரியில் கிடைக்கும் ஒரு பெரிய மண்புழுவைப் பற்றி 1894இல் அவர் எழுதிய விரிவான ஆராய்ச்சி, மழைக்காலத்தில் எந்தக் குடியானவனும் மிதித்துச் செல்லும் ஒரு பிராணி உலகத்து விஞ்ஞான சபைகளின் கவனத்துக்கு உரியதாகலாம் என்று காட்டியது. அடுத்த வருஷமே லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் நம் கல்லூரிகளின் செய்முறை அறைகளில் ஐரோப்பிய மாதிரிகளின் இடத்தில் நம் மண்புழுவும், வயல் நத்தையும், இறாலும், கரப்பானும், சுறாக்குட்டியும், ஓணானும் மேஜைமேல் ஏறின. எம். ஏகாம்பரநாத ஐயர் எழுதிய பிராணிசாஸ்திரப் பாடப்புத்தகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்த மாணவர்கள், தங்கள் ஊர்க் குளத்தங்கரையில் கிடைத்த பிராணிகளைக் கொண்டே உலகம் முழுவதற்கும் பொதுவான உண்மைகளைக் கற்றார்கள். இந்த மாறுதலின் மதிப்பை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

போர்ன் பின்னர் கல்வி இலாகாவின் டைரக்டராகவும், பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அவரும் அவர் மனைவியாரும் கொடைக்கானல் பக்கத்தில் சேகரித்த செடிகள், பிரஸிடென்ஸி கல்லூரியில் தாவரசாஸ்திரம் கற்பித்த பி. எஃப். ஃபைஸனுக்குப் பெருந்துணையாயின. நீலகிரி, பழனி மலைகளில் 6500 அடிக்கு மேல் வளரும் செடிகளைப் பற்றி ஃபைஸன் 1915 முதல் வெளியிட்ட நூல், சித்திரங்களோடு கூடியதாய், மலைக்குச் செல்லும் மாணவன் பையில் எடுத்துச் சென்று பூவையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அமைந்தது. 1919இல் அவர் தொடங்கிய தாவரசாஸ்திரப் பத்திரிகை, மறு வருஷம் ஏற்பட்ட இந்தியத் தாவரவியல் சங்கத்தின் பத்திரிகையாகப் பிற்பாடு மாறியது. ஒரு கல்லூரி ஆசிரியர் தொடங்கிய பத்திரிகை தேசத்துக்கே உரியதாயிற்று என்பதும், இந்நாட்டு மாணவன் தன் கண்டுபிடிப்பை அச்சில் காண இனிக் கப்பல் தபாலை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதும் சிறிய விஷயங்கள் அல்ல.

ஆயினும் இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமாக நான் கருதுவது மண்டயம் ஓஸூரி பார்த்தசாரதி ஐயங்காரைத்தான். 1886இல் சென்னையில் பிறந்து, பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, 1920இல் அங்கேயே பேராசிரியருமான அவர் தம் ஆயுளை ஒப்படைத்தது பாசிகளுக்கு. குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசி, கிணற்றுச் சுவரில் படரும் பாசி, மழைக்குப் பிறகு நான்கு நாள் மட்டும் தேங்கி நின்று வற்றிவிடும் குட்டையில் தோன்றும் பாசி ஆகிய இவற்றை, அருவருப்போடு ஒதுக்கித் தள்ளாமல், சிறு கண்ணாடிப் புட்டிகளில் சேகரித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, அவற்றின் பிறப்பையும் வளர்ச்சியையும் இனவிருத்தியையும் மணிக்கணக்கில் கவனிப்பது அவர் வழக்கம். பேராசிரியராகிப் பத்து வருஷம் கழிந்த பிறகு, நாற்பத்து நான்காம் வயதில், லண்டனில் எஃப். ஈ. ஃப்ரிட்ச் என்னும் பாசி ஆராய்ச்சி நிபுணரிடம் மாணவராக அமர்ந்து 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். தலைநரைக்கும் பருவத்தில் மறுபடியும் மாணவராவதற்கு இருந்த அந்த விநயத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

1932இல் ஐயங்கார் உலகத்துக்கு அறிவித்த ஒரு பாசிக்குத் தம் ஆசிரியர் பெயரால் ஃப்ரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். நீர் வற்றிக்கொண்டிருக்கும் ஈரச் சேற்றில் வளரும் இந்தச் சிறு பாசியில், மண்ணுக்குள் கிழங்குபோல் திரண்ட ஒரு பகுதியும், மேலே காற்றை நோக்கி நிமிர்ந்த கிளைகளும், கீழே நிறமற்ற வேர்போன்ற இழைகளும் உண்டு. நீரில் பிறந்த தாவரவர்க்கம் நிலத்தில் ஏறி வாழத் தொடங்கியபோது அதன் தேகம் எவ்வாறு அமைந்திருக்கக்கூடும் என்று சிந்தித்துக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு இது அரிய உதாரணமாயிற்று. பல தேசத்துப் பாடப்புத்தகங்களில் அதன் படம் இடம் பெற்றது. நிலத்துத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய பாசிகள் வேறு கிளையைச் சேர்ந்தவை என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருந்தாலும், நீர்வாழ்வுக்கும் நிலவாழ்வுக்கும் இடைப்பட்ட உடலமைப்பை விளக்கும் சான்றாக அதன் மதிப்பு குறையவில்லை.

இதற்குள் சர்வகலாசாலையும் தன் பழைய நிலையிலிருந்து எழுந்திருந்தது. 1904ஆம் வருஷத்துச் சட்டம் போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் இடமளித்தது. 1923ஆம் வருஷத்துச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. அதன் பயனாகத் தாவரசாஸ்திரத்துக்கும் பிராணிசாஸ்திரத்துக்கும் சர்வகலாசாலையின் சொந்த ஆராய்ச்சிசாலைகள் தோன்றின. இவை வருவதற்கு வழிகோலிய காலத்தில் துணைவேந்தராக இருந்த கே. ராமுண்ணி மேனன், தாமே பிரஸிடென்ஸி கல்லூரியில் பிராணிசாஸ்திரம் கற்பித்தவர் என்பது கவனிக்கத்தக்கது. தாவரசாஸ்திர ஆராய்ச்சிசாலையின் தலைமையை ஐயங்கார் ஏற்றார்.

அவரிடம் பாசி படித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் டி. வி. தேசிகாச்சாரி வெளியிட்ட பெருநூல், அத்துறையில் உழைப்பவர்கள் இன்றும் கையிலெடுக்கும் ஆதாரநூல். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்கு உரமாக்கும் வல்லமை அந்தப் பாசிகளில் பலவற்றுக்கு உண்டு. ஆகவே குட்டையில் தொடங்கிய படிப்பு வயலில் போய்ச் சேர்ந்தது. ஆர். சுப்பிரமணியன், சென்னைக் கடலோரத்து டயாட்டம் என்ற நுண்பாசிகளை வகைப்படுத்தி 1946இல் விரிவான ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகாத அந்த உயிர்களை ஆதாரமாகக் கொண்டே கடல் மீன்கள் பிழைக்கின்றன. ஆதலால் பாசி படித்த அவருக்கு, பின்பு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இடம் காத்திருந்தது. தாவரசாஸ்திர வகுப்பிலிருந்து மீன்வள இலாகாவுக்கு ஒரு பாதை உண்டு என்று எந்த உத்தியோக வழிகாட்டியும் அக்காலத்தில் எழுதியிருக்க முடியாது.

பிராணிசாஸ்திரத்துக்கு வருவோம். ராமேசுவரத்துக்கு அருகே பாம்பனை ஒட்டி மன்னார் வளைகுடாவில் குருசடை என்ற ஒரு சிறு தீவு இருக்கிறது. வேலியிறக்கத்தில் அதன் பவளப் பாறைகளுக்கிடையே முழங்கால் அளவு நீரில் நடந்தால், கடற்பஞ்சு, கடல்தாமரை, நட்சத்திர மீன், கடல் அட்டை என்று புத்தகத்தின் அத்தியாயங்கள் உயிரோடு எதிர்ப்படும். முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் வைத்துப் பேசப்படும் பலனோகிளாஸஸ் என்னும் புழுவும் அங்கே மணலில் புதைந்து வாழ்கிறது. எழும்பூர் மியூஸியத்தின் தலைவராயிருந்த எஃப். எச். கிரேவ்லியின் முயற்சியால் 1927இல் அத்தீவின் கரையோர ஜீவராசிகளைப் பற்றிய ஒரு நூல் வெளியாயிற்று. அதற்குப் பின்பு விலங்கியல் மாணவர்களுக்கு மண்டபமும் குருசடையும் ஏறக்குறைய க்ஷேத்திர யாத்திரை போலவே ஆகிவிட்டன. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் படித்த எத்தனையோ பேர் கடலின் உள்ளே முதன்முதலாகப் பார்த்தது அந்த யாத்திரையில்தான்.

சேப்பாக்கத்துப் பிராணிசாஸ்திர ஆராய்ச்சிசாலையில் ஆர். கோபால ஐயரும் அவர் மாணவரான என். கேசவ பணிக்கரும் சென்னையின் உவர்க்கழி ஜந்துக்களைப் பற்றி 1937இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் கடலைவிட உப்பாகவும் மாறிக்கொண்டிருக்கும் கழிமுகத்தில் ஒரு பிராணி எவ்வாறு உயிர் தரிக்கிறது என்பது பணிக்கரின் மனத்தை ஆட்கொண்ட கேள்வி. இங்கிலாந்தின் பிளிமத் கடலாராய்ச்சி நிலையத்தில் இறாலினத்தை ஆராய்ந்த அவர், சிலவகை இறால்கள் தம் இரத்தத்தின் உப்பைச் சுற்றியுள்ள கடல்நீரின் உப்பைவிடக் குறைவாகவே நிலைநிறுத்திக்கொள்கின்றன என்று காட்டினார். நன்னீரிலிருந்து கழிமுகத்துக்கும், கழிமுகத்திலிருந்து கடலுக்கும் அவ்வினம் பரவியிருப்பதன் ரகசியம் அதில் அடங்கியிருந்தது. 1947இல் தொடங்கி மண்டபத்தில் வேரூன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு அவர் தலைவரானார். 1966இல் தேசியக் கடலியல் ஸ்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் டைரக்டரும் அவரே. அண்ணாமலைச் சர்வகலாசாலை 1961இல் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் ஏற்படுத்திய கடல் உயிரியல் நிலையமும் இதே பாதையில் வந்த ஸ்தாபனமே.

பெண்களுக்கு இந்தப் படிப்பு திறந்துவிட்ட வழி தனியே சொல்லத்தக்கது. கடற்கரைச் சாலையில் 1914இல் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கி, அதுவே பின்பு ராணி மேரி கல்லூரியாயிற்று. தலைச்சேரியிலிருந்து வந்து அங்கே படித்த ஒரு பெண், அதே வீதியில் பிரஸிடென்ஸி கல்லூரியில் தாவரசாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகி, அமெரிக்காவின் மிஷிகன் சர்வகலாசாலை ஆசியப் பெண்களுக்கு அளித்த பார்பர் உபகாரச் சம்பளத்தோடு கடல்கடந்து, 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். அவர்தான் ஈ. கே. ஜானகி அம்மாள். 1897இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு நம் சமூகம் வகுத்து வைத்திருந்த பாதை எது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதிலிருந்து விலகி நடக்க அவருக்குத் துணையாயிருந்தது ஒரு மைக்ராஸ்கோப்பும், செல்லின் நடுவே குரோமோஸோம்களை எண்ணிக் கணக்கெடுக்கும் கூர்மையான பார்வையும்தான்.

கோயம்புத்தூரில் 1912 முதல் ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையம் நடந்து வந்தது. நல்ல சாறுள்ள கரும்பையும், ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணல் போன்ற காட்டுக்கரும்பையும் இணைத்து, வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் புது ஜாதிகளை அங்கே சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் உண்டாக்கியிருந்தார்கள். ஜானகி அம்மாள் 1934இல் அங்கே சேர்ந்து, அந்தக் கலப்புகளின் உள்ளமைப்பை ஆராய்ந்ததோடு, கரும்பையும் மக்காச்சோளத்தையுமே இணைத்துக் காட்டினார். 1939இல் எடின்பரோவில் கூடிய மரபியல் மகாநாட்டுக்குச் சென்றவர், யுத்தம் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னெஸ் ஸ்தாபனத்தில் உழைத்து, ஸி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்ச்செடிகளின் குரோமோஸோம்களைத் தொகுத்துரைக்கும் நூலை வெளியிட்டார். குண்டுவீச்சுக்கு நடுவே இலண்டன் பக்கத்தில் இந்த உழைப்பு நடந்தது. 1951இல் ஜவாஹர்லால் நேருவின் அழைப்பின்பேரில் திரும்பி வந்து இந்தியத் தாவர ஆய்வு இலாகாவைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். முதுமையில், சென்னைச் சர்வகலாசாலையின் தாவரவியல் மையத்துக்கு மதுரவாயலில் இருந்த களநிலையத்தில் தங்கி, மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டே 1984இல் காலமானார்.

கோயம்புத்தூரைச் சொன்னபோது எம். எஸ். சுவாமிநாதனையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றவர் அவர். வங்காளப் பஞ்சத்தின் செய்தி உள்ளத்தை உலுக்கியதால் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். பின்னால் கோதுமையிலும் நெல்லிலும் அவர் செய்தது யாவரும் அறிந்ததே.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வந்த இருபது முப்பது வருஷங்களை இப்படிப்பின் செழிப்பான பருவம் என்றே சொல்வேன். 1944இல் ஐயங்காருக்குப் பின் தாவரசாஸ்திர ஆராய்ச்சிசாலையின் தலைவரான டி. எஸ். சதாசிவன், பருத்திச் செடி வாடிச் சாவதற்குக் காரணமான மண்ணிலுள்ள பூஞ்சணத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பூஞ்சணம் செடியின் உடலுக்குள்ளேயே ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்பதை, வாடிய செடியிலிருந்தே அதைப் பிரித்துக் காட்டி, அவருடைய மாணவர்கள் 1950களில் நிரூபித்தார்கள். அதே காலத்தில் கிண்டியில் பௌதிகப் பேராசிரியரான ஜி. என். ராமச்சந்திரன், அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் உதவியோடு, தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொலாஜென் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிற்றின் அமைப்புடையது என்று கண்டறிந்தார். ஜீவசாஸ்திரத்தின் எல்லை பௌதிகத்துக்குள்ளும் ரஸாயனத்துக்குள்ளும் விரிந்துவிட்டது என்பதற்குச் சென்னையிலேயே கிடைத்த அத்தாட்சி அது.

பிரஸிடென்ஸி கல்லூரியில் அப்போது தாவரசாஸ்திரம் கற்பித்தவர் பி. ஜி. எல். சுவாமி. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற அனுபவங்களை அவர் தம் தாய்மொழியாகிய கன்னடத்தில் எழுதிய நூலுக்கு 1978இல் ஸாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. மாணவர்களோடு செடி தேடிச் சென்ற கதை ஒரு மொழியின் இலக்கியச் செல்வமாயிற்று என்றால், அந்தப் பயணங்களில் கலந்துகொண்டவர்கள் என்ன பெற்றிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். லயோலா கல்லூரியிலிருந்த டி. என். அனந்தகிருஷ்ணன், பூவுக்குள் ஒளிந்து வாழும் இலைப்பேன் என்ற நுண்ணிய பூச்சியினத்தைப் பற்றி உலகறிந்த நிபுணரானார். இந்திய விலங்கியல் ஆய்வு இலாகாவின் டைரக்டராகவும் பணியாற்றினார். திருச்சி ஸெயின்ட் ஜோஸப் கல்லூரியில் 1967இல் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்செடிக் களஞ்சியத்தை நிறுவிய கே. எம். மாத்யூ பாதிரியார், தமிழ்நாட்டுச் செடிகளைத் தேடிச் சேர்த்து 1980களில் நூலாக வெளியிட்டார். 1966இல் பிறந்த மதுரைச் சர்வகலாசாலையின் உயிரியல் துறையில், எம். கே. சந்திரசேகரன் வௌவால்களைக் கொண்டும், பகலிரவு தெரியாத தனியறையில் மனமுவந்து தங்கியவர்களைக் கொண்டும், உயிரினங்களுக்குள் ஓடும் காலக் கடிகையை ஆராய்ந்தார்.

அதன் பிறகு காற்று வேறு திசையில் வீசியது. மத்திய சர்க்கார் 1986இல் உயிர்த்தொழில்நுட்பத்துக்குத் தனி இலாகா ஏற்படுத்தியது. மறு வருஷம் அண்ணா சர்வகலாசாலையில் அத்துறைக்கென மையம் உண்டாயிற்று. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என்ற புதுப் பெயர்கள் மாணவர்களை இழுத்தன. இவை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தடுப்பூசித் தொழிற்சாலையிலும் மருத்துவப் பரிசோதனைச் சாலையிலும் விதைக் கம்பெனியிலும் ஆயிரக்கணக்கானோருக்கு இவை வாழ்வளித்திருக்கின்றன. ஆனால் பழைய தாவரவியல், விலங்கியல் வகுப்புகள் பல ஊர்களில் மெலிந்தன. யூ.ஜி.ஸி. 2011இலும் 2014இலும் பிறப்பித்த உத்தரவுகளால் தவளையை அறுக்கும் பழக்கம் கல்லூரிகளிலிருந்து நீங்கியது. அதை நான் வரவேற்கிறேன், ஒரு பட்டத்துக்காக அத்தனை உயிர்களைக் கொல்வதற்கு நியாயமில்லை. ஆனால் அறுப்பது நின்ற இடத்தில் உயிரோடு பார்ப்பது வந்திருக்க வேண்டும். அது வராமல், கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு படமும் ரெக்கார்டு நோட்டில் அதன் நகலும் மட்டுமே மிஞ்சுமானால், ஹக்ஸ்லியின் வகுப்புக்கு முன்னிருந்த மனனக் காலத்துக்கே நாம் திரும்பிவிடுவோம். ஒரு செடியைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகும் நாட்டில், காடுகளின் நிலையை அளப்பவர் யார், மருந்துச் செடியில் கலப்படத்தைக் கண்டுபிடிப்பவர் யார், கடலின் சூடு ஏறும்போது மீன்வளம் எங்கே நகர்கிறது என்று மீனவருக்குச் சொல்பவர் யார்?

ஆகையால் கல்லூரிகளின் தலைவர்களை நான் கேட்டுக்கொள்வது, குருசடைக்கும் கொடைக்கானலுக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லும் பயணத்தைச் செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படும் இனமாக வைக்காதீர்கள் என்பதும், உங்கள் ஹெர்பேரியத்தின் அலமாரியைத் திறந்து பூச்சி அரிக்காமல் காக்க ஓர் ஆளை நியமியுங்கள் என்பதுமே. பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், அந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று விசாரியுங்கள், அது அவசியந்தான். அதோடு கூட, அங்குள்ள ஆசிரியர்கள் இப்போது எதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், வருஷத்தில் எத்தனை நாள் மாணவர்களை வயலுக்கும் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிச் செல்கிறார்கள் என்றும் கேளுங்கள். திருப்தியான பதில் கிடைக்கும் கல்லூரி சிறிய ஊரில் இருந்தாலும் தயங்காமல் அங்கே சேருங்கள்.